மாம்பலத்து வீட்டில் என் கோட்டு

போன வாரம் எங்கள் சந்தில் ஒரு குடித்தனம் காலி செய்துகொண்டு போனது. டெம்போ வந்தது. வந்தவர்கள் முதலில் மெத்தையை ஏற்றினார்கள். அதன் மேல் கண்ணாடி பதித்த பீரோவைப் படுக்க வைத்தார்கள். பீரோவின் தலையில் அம்மிக்கல்லை வைத்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "அடப்பாவிகளா, அம்மியைக் கீழே இறக்குங்கடா!" என்று கத்தினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பெர்சு, உள்ள போய் டீ குடி" என்றான். வண்டி சந்து முனை திரும்பும்போது கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. எனக்கு அற்ப சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் அதே டிரைவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. "நீ இன்னா பெர்சு, முன்ன வண்டி ஓட்டிக்கினு இருந்தியா?" என்று கேட்டான். உட்காரச் சொல்லி ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் அவனுக்குச் சவாரி வந்துவிட்டது. போய்விட்டான். மீதியை யாரிடம் சொல்வது? என் அறையில் நானும் ஒரு பானையும்தான். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கரீம். வாப்பா ராயப்பேட்டையில் ஜட்கா ஓட்டியவர். எனக்குக் குதிரை என்றால் பயம், அதனால் மோட்டாருக்கு வந்தேன். ஒரு ரொட்டிக் கடையில் வண்டி கழுவி, கிளீனராகத் தொற்றிக்கொண்டு, லைசென்ஸ் வாங்கினேன். அந்த வருஷங்களில் சொல்ல ஒன்றுமில்லை. ரொட்டிக் கடைக்காரர் பழைய வேனை நாயுடு ஒருவருக்கு விற்றார். வண்டியின் கோளாறெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்பதால் நாயுடு என்னையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். பின்பக்கம் மரக்கூண்டு கட்டிய வண்டி அது. எத்தனை வீட்டுச் சாமான் ஏறி இறங்கினாலும் உள்ளே ரொட்டி வாசனை போகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆமினா. அடுத்த ரம்ஜானுக்குள் பிரசவத்தில் மௌத்தாகிவிட்டாள். குழந்தையும் தங்கவில்லை. நாங்கள் குடியிருந்த அறையைக் காலி செய்தபோது சாமான் ஒரு கைவண்டிகூட நிறையவில்லை. நாயுடுவின் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு "வீட்டுக்குப் போகிறேன்" என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. "ஷெட்டுக்குப் போகிறேன்" என்றுதான் சொல்வேன்.

நாயுடு மெலிந்த மனிதர். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அவர் துடைக்கத் துடைக்க நமக்கு வேர்க்கும். பெரிய லாரிக்காரர்கள் சீந்தாத வேலையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். ஒற்றை அறைக் குடித்தனம், புதிதாகக் கல்யாணமானவர்கள், மாற்றலாகி வந்த குமாஸ்தா, அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபமாகிப் பிரிந்து போகிறவர்கள். கைவண்டியில் போட்டால் தெருவே தன் கிழிந்த தலையணையைப் பார்க்கும், லாரி வைத்தாலோ கட்டுப்படியாகாது. அப்படிப்பட்டவர்கள் எல்லாம் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஷெட்டைத்தான் தேடி வருவார்கள்.

முதல் நாளே நாயுடு அந்த வீட்டுக்கு நடந்து போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகப் பார்ப்பார். வாய் திறக்க மாட்டார். ஷெட்டுக்கு வந்ததும் தரையில் சாக்கட்டியால் வண்டியின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அதற்குள் கரித்துண்டுகளை எடுத்து வைப்பார். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததால் எங்கள் வண்டியின் பக்கத்தில் ஓர் இரும்பு உருளையைப் பொருத்தியிருந்தோம். கரியை மூட்டி, விசிறி சுற்றி, அதில் வரும் வாயுவில்தான் வண்டி ஓடியது. ஆகவே ஷெட்டில் கரிக்குப் பஞ்சமில்லை. "இது பீரோ நைனா. இது ஆட்டுக்கல். இது கெழவரோட ஈஸி சேரு, மடங்காது, தொந்தரவு பிடிச்சது" என்று சொல்லிக்கொண்டே துண்டுகளை மாற்றி மாற்றி வைப்பார். எல்லாம் கட்டத்துக்குள் அடங்கிய பிறகுதான் எழுந்திருப்பார். மறுநாள் நாங்கள் அதே மாதிரி ஏற்ற வேண்டும்.

கனமானது டிரைவர் முதுகை ஒட்டி. கண்ணாடி இரண்டு மெத்தைக்கு நடுவில். கடைசியில் ஏறுகிற சாமான்தான் புது வீட்டுக்குள் முதலில் போகும். அதனால் உப்பு ஜாடி, குத்துவிளக்கு, சாமி படம் இதெல்லாம் கடைசியில். எங்கள் ஆட்கள் வீடானால் குர்ஆன். அவற்றை நாங்கள் தொடக்கூடாது, அந்த வீட்டுப் பெண்தான் ஏற்றி இறக்க வேண்டும். இறக்கி முடித்ததும் வண்டியைப் பெருக்கி, காலியாக இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேல் இரண்டு விஷயத்தில் நாயுடு ரொம்பக் கறார். சாமானை யார் புழங்குகிறார்களோ அவர்கள் வாயால் "ஏத்து" என்று சொன்னால் ஒழியக் கை வைக்கக் கூடாது. எங்கே இறக்கினோம் என்று எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது. "வீடு மாறுறவங்கள்ல பாதிப் பேரு யார்கிட்டேருந்தோ தப்பிச்சுப் போறவங்க, கரீமு. நாம கதவைத் திறந்து விட்டுடக் கூடாது" என்பார்.

ஏற்றி இறக்க மாணிக்கம் இருந்தான். அடையாற்றங்கரைக் குடிசைக்காரன், என் வயசுதான் இருக்கும். எதைத் தூக்கினாலும், "இன்னா பாய் இது, உள்ள மாமியார குந்த வெச்சுக் கீறாங்களா?" என்று கேட்காமல் தூக்க மாட்டான்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே கிலி பிடித்து ஓடியதே, அந்த நாட்களில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. எல்லாச் சவாரியும் எழும்பூர் ஸ்டேஷனுக்குத்தான். கரித்துண்டு வைத்துப் பார்க்க நாயுடுவுக்கு ஏது அவகாசம்? மூட்டையும் மனிதர்களும் ஒன்றாக ஏறினார்கள்.

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சேஷாத்ரி என்று ஒரு குமாஸ்தா. அவர், அவருடைய அம்மா, தங்கை, தங்கையின் குழந்தைகள், மனைவி ருக்மிணி. ஊரோடு போகிறார்கள். சாமானும் ஆட்களும் ஏறியதும் வண்டியில் கால் வைக்க இடமில்லை. ருக்மிணியம்மா மட்டும் கீழே நின்றாள். சேஷாத்ரி எட்டிப் பார்த்து, "நீ ரெண்டாவது டிரிப்ல வா. ஆத்தப் பூட்டிண்டு, மிச்சத்த எடுத்துண்டு தயாரா நில்லு" என்றார். அவள் தலையாட்டினாள். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் இரண்டாவது டிரிப் இருந்தது.

எழும்பூரில் கும்பலில் முண்டியடித்து எல்லாவற்றையும் இறக்கினோம். காலி வண்டியைப் பெருக்கிக் காட்டிவிட்டு, "அம்மாவக் கூட்டிக்கினு வந்துர்றேன் சார்" என்றேன். சேஷாத்ரி தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் பாய். ரெண்டாவது டிரிப் கிடையாதுன்னு சொல்லிடு."

"அம்மா அங்க நின்னுக்கினு இருப்பாங்களே சார்?"

"டிக்கெட் இல்லை. அவ இங்கேயே இருக்கட்டும். அப்புறமா எழுதறேன்னு சொல்லு."

நான் நின்றேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். மாணிக்கம் தரையில் காறித் துப்பினான். ருக்மிணியம்மாவுக்குக் குழந்தை இல்லை என்று மாமியாருக்குக் குறை என்பது பிறகு அக்கம்பக்கத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜனங்கள் கையைக் காட்டி வண்டியை மறித்தார்கள். கேட்டதைத் தருகிறோம் என்று கெஞ்சினார்கள். நான் நிறுத்தவில்லை. சந்துக்குள் திரும்பியபோது ருக்மிணியம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கதவு பூட்டியிருந்தது. ஒரு கையில் தண்ணீர்க் கூஜா, இன்னொரு கையில் பெரிய தூக்கு, காலடியில் துணி மூட்டை. வண்டியைப் பார்த்ததும் மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். எத்தனையோ பாரம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த ஒரு வரியை அவள் முன்னால் இறக்கி வைக்க என்னால் முடியவில்லை. கடைசியில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "ராத்திரி சாப்பாடு எல்லாம் எங்கிட்டன்னா இருக்கு. குழந்தைகளுக்குப் பசிக்குமே" என்றாள்.

அப்புறம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். தூக்கை எங்களிடம் நீட்டினாள். "நீங்களாவது சாப்பிடுங்கோ. வீணாப் போயிடும்." உள்ளே போய்விட்டாள். தூக்கு நிறையப் புளியோதரை. வண்டியின் ஃபுட்போர்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாணிக்கம் பாதியிலேயே கையை உதறினான். "இன்னா மனுசன் பாய் அவன், த்தூ" என்றான். நான் நாயுடுவிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகு நேரம் துடைத்தார்.

குண்டு விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்கள் திரும்பினார்கள். பர்மாவிலிருந்து ஓடி வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். காலியாகக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் அடிபிடி. சேஷாத்ரி எழுதினாரோ என்னவோ, வரவில்லை. அந்தச் சந்தைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நல்லது என்று நினைத்துக்கொள்வேன். போய்க் கேட்க நான் யார்?

ஒருநாள் அவளே ஷெட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷன் பார்த்திருக்கிறாள். நாயுடுவுக்கு முன்னால் நின்று, "சின்னக் குடித்தனம்தான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்தாத்து மாமி ஆம்பிளை இல்லாத குடித்தனம் வைக்கறதில்லையாம். இவர் வெளியூர்ல இருக்கார்னு சொல்லியிருக்கேன். நம்பினாளா தெரியலை. சாமான் வரட்டும், பாக்கறேன்னா. பிடிக்கலேன்னா ஏத்தினதோட திருப்பி அனுப்பிடுவா. நேக்கு வேற இடமில்லை" என்றாள்.

நாயுடு, "நீங்க போங்கம்மா, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அன்று கரித்துண்டுகளை ரொம்ப நேரம் மாற்றி மாற்றி வைத்தார். தையல் மெஷின், ஒரு டிரங்குப் பெட்டி, பாத்திரம், பாய். அதற்கு எத்தனை விதமாகத்தான் அடுக்குவது?

மாம்பலம் ரயில்வே கேட்டைத் தாண்டினால் அப்போதெல்லாம் சேறும் கொசுவும்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் காக்கிக் கோட்டு போட்டிருந்தேன். மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய பட்டாளத்துக் கோட்டு, பித்தளைப் பொத்தான் வைத்தது. வீட்டுக்கார மாமி வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல ஆகிருதி. ஒவ்வொரு சாமானாக உள்ளே போகப் போக அவள் முகம் சுருங்கியது. குடையில்லை, செருப்பில்லை, சவரப் பெட்டியில்லை, ஆம்பிளை வேட்டி ஒன்றுகூட இல்லை. ருக்மிணியம்மா விளக்கைக் கையில் பிடித்தபடி மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. மாணிக்கத்தோடு நானும் கை கொடுத்தேன். புழுக்கம் தாங்காமல் கோட்டைக் கழற்றிக் கூடத்து ஆணியில் மாட்டினேன். மெஷினை ஜன்னலோரம் வைத்து, வண்டியைப் பெருக்கி, காலி வண்டியைக் காட்டி, கிளம்பிவிட்டோம். அடுத்தவர் சாமானில் ஒரு கரண்டி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற நான், என் கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தேன். மாணிக்கத்துக்கு ஒரே சிரிப்பு.

மறுநாள் எடுத்துக்கொண்டு வரப் போனேன். மாமிதான் வாசலில் இருந்தாள். "யாரு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ருக்மிணியம்மா ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் என் கோட்டு. ஈரத்தை உதறி, காலரை நிமிர்த்தி, நேராக மாட்டியிருந்தது.

மாமி அவளைப் பார்த்து, "பட்டாளத்துல இருக்கார்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏண்டி யோசிக்கப் போறேன்? வெளியூர், வெளியூர்னு மென்னு முழுங்கினியே. கோட்டப் பாத்ததும் நேக்குப் புரிஞ்சுடுத்து" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்கு வந்தே?"

ருக்மிணியம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எழும்பூரிலிருந்து நான் திரும்பி வந்தபோது வண்டியைப் பார்த்தாளே, அதே பார்வை.

"ஐயாவோட சாமான் ஏதாச்சும் வண்டில தங்கிப் போச்சான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்மா" என்றேன்.

"எல்லாம் வந்துடுத்து பாய்" என்றாள் அவள். குரல் நடுங்கியது.

அந்த மழைக்காலம் முழுக்கக் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டினேன். "கோட்டு எங்கே கரீமு?" என்று நாயுடு கேட்டார். "எங்க இறக்கினோம்னு சொல்லக் கூடாதே நைனா" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்கவேயில்லை.

மாம்பலம் பக்கம் சவாரி போனால் அந்தத் தெரு வழியாக வருவேன். சுற்றுதான், கரியும் வீண்தான். இருந்தாலும் வருவேன். கதவு திறந்திருந்தால் கூடத்து ஆணி தெரியும். கோட்டு தொங்கும். ஒருநாள் பொத்தானெல்லாம் பளபளவென்று இருந்தது, யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். அன்றைக்கு ஷெட்டுக்கு வந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு என்னவோ செய்தது. பட்டணத்தில் எத்தனையோ வீட்டுக்குள் போய் வந்தவன் நான். எந்த வீட்டிலும் என்னுடையதென்று ஒரு குண்டூசிகூடத் தங்கியதில்லை.

யுத்தம் முடிந்தது. ஊரெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் திரும்பி வந்தார்கள். மாமி தினமும், "எப்போடி வரார்?" என்று கேட்டிருப்பாள், கேட்காமல் இருப்பாளா? வந்தாக வேண்டும், இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். செத்தார் என்று சொன்னால் அவள் நெற்றியையும் கழுத்தையும் என்ன செய்யச் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

அந்தச் சமயம் பார்த்துச் சேஷாத்ரி ஷெட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. "என் ஆம்படையாள் சாமானை நீங்கதான் ஏத்தினேள்னு அக்கம்பக்கத்துல சொன்னா. எங்கே இறக்கினேள்?" என்று கேட்டார். நாயுடு கண்ணாடியைக் கழற்றினார். "ஞாபகம் இல்லீங்க" என்றார். சேஷாத்ரி போய்விட்டார். ஆனால் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் விசாரித்துக்கொண்டு சில நாளில் திரும்பி வந்தார். "விலாசம் தெரிஞ்சுடுத்து. வண்டி வேணும். சாமானோட அவளை ஊருக்குக் கூட்டிண்டு போகணும்."

எனக்கு வந்த கோபத்தில் சாவியை விட்டெறிந்திருப்பேன். நாயுடு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வண்டி யார் கூப்பிட்டாலும் போகும். ஏத்தச் சொல்ல வேண்டியது யாரு?" என்றார்.

"சாமானைப் புழங்கறவங்க."

"அப்போ போ."

வழியில் சேஷாத்ரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்காமலே பேசினார். "அம்மா காலமாயிட்டா. தங்கையும் அவ ஆத்துக்காரரோட போயிட்டா. ஆத்துல சமைக்க மனுஷா இல்லை." ருக்மிணி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டலாமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினேன்.

மாமி வாசலுக்கு வந்தாள். சேஷாத்ரி, "நான் ருக்மிணியோட ஆத்துக்காரர்" என்றதும் அவள் முகம் பூவாக மலர்ந்தது. "வாங்கோ, வாங்கோ! ஒருவழியா வந்துட்டேளா! ருக்மிணி, யாரு வந்திருக்கார் பாரு! பட்டாளத்துல ரொம்பக் கஷ்டப்படுத்தினாளா?"

"பட்டாளமா? நான் தாலுகா ஆபீஸ்லன்னா இருக்கேன்."

மாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி ஆணியைப் பார்த்தாள். சேஷாத்ரியும் பார்த்தார். "யார் கோட்டு இது?" என்றார். அடுத்தாற்போல் குரல் உயர்ந்தது. "யார் கோட்டுடி இது?"

ருக்மிணியம்மா கையில் பாதி தைத்த ஜாக்கெட்டோடு கூடத்தில் நின்றாள். மாணிக்கம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். என்னுடையது என்று நான் சொன்னால் என்ன ஆகும்? ஒரு துலுக்க டிரைவரின் கோட்டு, இத்தனை வருஷமாக, தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் கூடத்தில். சொல்லாவிட்டால் மட்டும் என்ன ஆகும்? யா அல்லாஹ், அந்தப் பாழாய்ப்போன கோட்டை அன்றைக்கு மறக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

மாமி என்னைப் பார்த்தாள். "நீதானே அன்னிக்குச் சாமான் இறக்கினே? சொல்லு. இவரா அவ ஆத்துக்காரர்?"

நான் வாயெடுப்பதற்குள் ருக்மிணியம்மாவே பேசினாள். குரல் நடுங்கவில்லை. "அவரக் கேக்காதேங்கோ மாமி. நான் சொல்றேன். கோட்டு பாயோடது. சாமான் தூக்கறச்சே மாட்டிட்டு மறந்து போயிட்டார். நீங்களா பட்டாளம்னேள், நான் ஆமான்னேன். ஆம்பிளை கோட்டு ஒண்ணு தொங்கலேன்னா நீங்க நேக்கு இடம் குடுத்திருப்பேளா?"

மாமியின் கண் மறுபடி ஆணிக்குப் போயிற்று. ருக்மிணியம்மா தொடர்ந்தாள்.

"இவர் என் ஆத்துக்காரர்தான். எழும்பூர் வரைக்கும் போயிட்டு, நேக்கு வந்த வண்டிய வெறுமனே திருப்பி அனுப்பினவர்." பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "பாய், அன்னிக்கு அவர் சொன்னத எங்கிட்ட வந்து சொன்னேளே, இப்போ நான் சொல்றத அவர்ட்ட சொல்லுங்கோ. ரெண்டாவது டிரிப் கிடையாது."

கூப்பிடு தூரம்கூட இல்லை, பக்கத்திலேயே நிற்கிறார். இருந்தாலும் திரும்பி நின்று சொன்னேன். "ரெண்டாவது டிரிப் கிடையாதாம் சார்."

சேஷாத்ரி மாணிக்கத்தின் பக்கம் திரும்பி, "ஏன் நிக்கறே? மெஷினைத் தூக்கு!" என்று கத்தினார். மாணிக்கம் கைகளைக் கட்டிக்கொண்டான். "அந்தம்மா சொல்ட்டும் சாமி. எங்க நாய்னா அப்டித்தான் சொல்லிக் கீறாரு."

எல்லோரும் இப்போது மாமியைத்தான் பார்த்தோம். வீடு அவளுடையது. போ என்று அவள் சொன்னால் ருக்மிணியம்மாவுக்குத் தெருதான், இல்லையென்றால் சேஷாத்ரியின் அடுப்படிதான். மாமி நேராகப் போய் ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். காலரில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டினாள். உள் அறையைக் கையால் காட்டினாள். அங்கே அவளுடைய கணவர் இத்தனை ரகளையிலும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்காத்துக்காரர் இருவத்தினாலு மணி நேரமும் ஆத்துலதான் இருக்கார். இந்தக் கோட்டு பண்ணின அளவுகூட அவர் நேக்கு ஒண்ணும் பண்ணினதில்லை" என்றாள். கோட்டை மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். சேஷாத்ரியைப் பார்த்து, "நீர் கிளம்பும்" என்றாள்.

திரும்பும்போது மாம்பலம் கேட் மூடியிருந்தது. ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றோம். சேஷாத்ரி வெகு நேரம் கழித்து, "அன்னிக்கு நான் சொன்னத அப்படியே போய்ச் சொன்னியா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "கொடுத்ததை மாத்தாம கொண்டு போய்ச் சேர்க்கறதுதான் சார் என் வேலை. மாத்தணும்னா நீங்கதான் கூட வந்திருக்கணும்" என்றேன். ரயில் போயிற்று. அவரை எழும்பூரில் இறக்கிவிட்டு, வழக்கப்படி காலி வண்டியைக் காட்டினேன். அவர் பார்க்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் அவள் மாம்பலத்தில்தான் இருந்தாள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன். கோட்டு யாருடையது என்று தெரிந்துபோன பின்பு நான் போய் எட்டிப் பார்ப்பது நன்றாக இருக்காது. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாயுடு காலமானார். வண்டியை அவர் மகன் நடத்தினான். கரித்துண்டு வைத்துப் பார்க்க அவனுக்குப் பொறுமையில்லை. நான் மட்டும் யாரும் பார்க்காதபோது தரையில் கட்டம் போட்டு வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் மறுபடி அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. ருக்மிணியம்மாவுக்கு அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. டீச்சர்கள் தங்கச் சின்னச் சின்ன வீடு கொடுத்திருந்தார்கள். எல்லோரும் தனியாக இருக்கும் பெண்கள்தான். ஆத்துக்காரர் எங்கே என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. மாமி வாசலில் நின்று அழுதாள். நானும் மாணிக்கமும் ஏற்றினோம். மெஷின், டிரங்குப் பெட்டி, பாத்திரம். கடைசியில் ருக்மிணியம்மா தன் கையால் உப்பு ஜாடியை வைத்தாள், விளக்கை வைத்தாள். பிறகு உள்ளே போய்க் கோட்டை எடுத்து வந்தாள். என்னிடம் கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் அதை மடித்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அடையாற்றில் இறக்கியபோதும் அந்த மூன்றும்தான் முதலில் உள்ளே போயின. விளக்கை ஏற்றிவிட்டு, சுவரில் ஏற்கெனவே இருந்த ஆணி ஒன்றில் கோட்டை மாட்டினாள். காலரை நிமிர்த்தினாள்.

"இங்க யாரும் கேக்க மாட்டாங்களேம்மா" என்றேன்.

"கேக்கறவாளுக்காக இல்லை பாய்" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு வேணுமா?"

"வேணாம்மா. இருக்கட்டும்."

காலி வண்டியைக் காட்டினேன். அவள் வந்து எட்டிப் பார்த்து, "எல்லாம் வந்துடுத்து" என்றாள்.

திரும்பும்போது அடையாறு பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கண்ணாடி உடைந்து வெகு நாளாயிற்று. சாரல் முழுக்க என் மேல்தான் அடித்தது. மாணிக்கம் கோணியைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, "இன்னா பாய், கையில குடுத்தத வாணான்னுட்டு வந்துட்ட? கோட்டு இருந்தா இப்டி நனைவியா?" என்றான்.

"அது வீட்ல கீதுடா" என்றேன்.

மாணிக்கம் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆமினா போன பிறகு அந்த வார்த்தை என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.